இரண்டாவது சீட்டு எடுக்கவில்லை

செம்பூர்

அன்புள்ள தங்கை ஞானப்பூவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உனக்கு முழங்கால் வலி கூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இப்போது எப்படி இருக்கிறது?

புத்தாண்டு ஜெபத்தில் நான் சண்டை போட்டதாக ஊரில் பேசுகிறார்களாம். பொய். புது வருஷத்துக்கு ஆளுக்கொரு வேதவசனம் என்று வாக்குத்தத்தச் சீட்டு எடுத்தோம். எனக்குக் காத்திருக்கச் சொல்லும் வசனம் வந்தது. ஜெபம் நடந்த வீட்டுக்காரி கிருபாவதி, "ஆன்ட்டி, இது நல்லால்ல, வேற எடுங்க. நானே மூணாவது தடவைதான் ஆசீர்வாதம் எடுத்தேன்" என்றாள். "பிடிக்கலைன்னா மாத்துறதுக்கு ஆண்டவர் என்ன சேலைக்கடையா வச்சிருக்காரு?" என்று கேட்டேன். அவ்வளவுதான்.

ஆமென் சொன்னதும் பிரியாணிக்கு ஓடுகிற கூட்டம் அது. ஜெபத்தில் கேட்டது வாசலுக்கு வந்தாலும் கதவைத் திறக்க ஆள் இருக்காது. நான் அப்படிக் கேட்கிறவள் அல்ல. அம்மாவின் வீட்டை விற்றதிலிருந்து பேசாமல் இருக்கும் நீ என்னிடம் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கேட்ட வாரமே உனக்கு ஒரு கட்டில் வாங்கிப் போட்டுவிட்டேன். ட்யூஷன் பிள்ளைகளை அதில் உட்காரவிடுவதில்லை.

வரும்போது கருப்பட்டி கொண்டு வா. இங்கே விற்பது வாயில் வைக்க விளங்காது.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். யாரிடமும் சொல்லி அனுப்பாதே. என்றைக்கு வருகிறாய் என்று உன் கைப்பட எழுது.

அக்கா,
சாந்தகுமாரி