அம்மாவின் ரோஸ் ரிப்பன்

அன்புள்ள அக்கா,

இதை உன் ஹாஸ்டலில் யாரிடமும் காட்டாதே, கெஞ்சிக் கேட்கிறேன். உன்னிடம் சொல்லக் கூடாதென்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

அம்மாவின் மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் இந்த மாதம் முழுவதும் மார்பகப் புற்றுநோய் முகாமாம். ரிப்பன் குத்திவிட எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். அம்மாவை வரச் சொன்னதே நான்தான். அங்கே ஒரு டாக்டர்கூட இல்லை அக்கா! பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டு, ரோஸ் புடவைக்குத் தள்ளுபடி என்று எல்லாரையும் மாடிக்கு அனுப்பினார்கள். அம்மாவுக்கு ரிப்பன் குத்தியதும் நான்தான்.

அதையே பரிசோதனை என்று நினைத்துவிட்டாள். எத்தனை முறைதான் சொல்வது!

"ஒண்ணும் இல்லன்னுதானடி ரிப்பன் குத்தி அனுப்புனாங்க? சும்மா தொணதொணன்னுகினு இருக்காத" என்கிறாள்.

நீ சொன்னால் கேட்பாள். திங்கட்கிழமை லீவு போட்டு வா, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம். ரிப்பனை இந்தக் கடிதத்துக்குள் மறைத்துவிட்டேன். அது கண்ணில் படாவிட்டாலாவது...

அம்மா கதவைத் தட்டுகிறாள்.

"இன்னாடி, இன்னும் தூங்கலியா? என் ரிப்பன் எங்க? பக்கத்து வூட்டு சாலம்மாளுக்கும் கட்டியாம். காலைல அவளையும் அந்தக் கடைக்கே இட்டுகினு போவணும்."