ஆவாரம்பட்டைத் தோலில் ஒரு வாட்ச் வார்

2 ஜூன் 2024, ஞாயிறு
மெல்போர்னிலிருந்து மகன் பெவின் கூப்பிட்டான். பதினோரு நிமிடம். அவன் அனுப்பிய வாட்ச் கேமராவில் தெரியும்படி கையை வைத்துக்கொண்டேன். வாருக்கு அடியில் அரிப்பு உயிரை எடுத்தது. சொல்லவில்லை. என் மனைவி ஜெபசுதாவை அடக்கம் பண்ணிய பிறகு வாராவாரம் அவனிடம் புலம்பினேன் – முட்டி வலி, தண்ணீர் வரவில்லை. "எப்பவும் இதானாப்பா?" என்றவன் மூன்று வாரம் கூப்பிடவே இல்லை. இன்னொரு மூன்று வாரம் என்னால் முடியாது.

5 ஜூன்
டாக்டரம்மா கையைத் தொடாமலே பார்த்துவிட்டு வாரைக் கழற்றச் சொன்னார். குரோம் உப்பில் பதனிட்ட தோல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் தோல் பொதிகளை எண்ணி அனுப்பியவன் நான். தோல் என்றால் எல்லாம் ஒன்று என்றே இருந்திருக்கிறேன். நல்ல கிளார்க்!

9 ஜூன், ஞாயிறு
அவன் கூப்பிடும் நேரத்துக்கு மட்டும் வாட்சைக் கட்டினேன். ஒன்பது நிமிடம். மணிக்கட்டில் நீர் கசிகிறது. எனக்கென்ன பைத்தியமா?

12 ஜூன்
செருப்புக்கடை சொரிமுத்து அந்த வாரின் ஓரத்தைச் சீவிக் காட்டினார். மேலே கறுப்பு, உள்ளே நீலம் பாரித்த சாம்பல் நிறம். "இது ஒரு நாள்ல பதமாயிரும் அண்ணாச்சி. மெத்துனு இருக்கும், தண்ணி பட்டாலும் நிறம் மாறாது."
பிறகு ஒரு திண்டுக்கல் தோலை எடுத்துக் கொடுத்தார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்தது. வெட்டிய இடத்திலும் அதே பழுப்பு. விறைப்பாக இருந்தது, மரக்கடை வாசனை. "முத நாலு நாள் முரண்டு பிடிக்கும். பொறவு உங்க கைக்குன்னே வளைஞ்சிரும். வேர்வை பட்டா கறுக்கும், அதைக் குத்தம்னு சொல்லப்பிடாது."
அளவெடுக்க என் கையைப் பிடித்தார். ஒரு மனிதர் என் கையைப் பிடித்து எத்தனை நாள் ஆயிற்று!

16 ஜூன், ஞாயிறு
புது வாரோடு உட்கார்ந்தேன். பிஸ்கட் நிறம், மறைக்க முடியாது.
"நான் அனுப்புனது பிடிக்கலையாப்பா?" முகம் சுருங்கிவிட்டது. போச்சு என்று நினைத்தேன். வாட்சைக் கழற்றி மணிக்கட்டைக் காட்டினேன்.
"ரெண்டு மாசமா இப்படித்தாம்ல. சொன்னா நீ கூப்பிட மாட்டியோன்னு பயந்துட்டேன்."
திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து புண்ணைப் பார்த்தான்.
"ஜெமிமா வீட்டை விட்டுப் போயி அஞ்சு மாசமாச்சுப்பா. நானும் சொல்லல."
என் மருமகள். ஒவ்வொரு ஞாயிறும் வேலைக்குப் போயிருக்கா, வேலைக்குப் போயிருக்கா என்றானே! நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேனே. அழுதான். நானும்தான்.

20 ஜூன்
வாரின் ஓரம் கறுக்கிறது. அரிப்பு இல்லை.

26 ஜூன், புதன்
பெவின் கூப்பிட்டான். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்டான். எனக்கு எங்கே தெரியும்? இந்த வீட்டில் ரசம் வைத்தவள் அவன் அம்மா. போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில் வைத்துப் பார்த்தோம். எனக்கு மத்தியானம், அங்கே இருட்டிவிட்டது. இரண்டு ரசமும் வாயில் வைக்க முடியவில்லை. நான் தட்டைக் காலி செய்யும்வரை அவன் போனை வைக்கவில்லை.