உயரப்படி அடுக்கிய அலுமாரி

என் மூத்தவளுக்கு,

உன் தங்கச்சி அமலினி செத்த முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கோயில் சனம் வீட்டுக்கு வருகிறதென்று அவளுடைய புத்தக அலுமாரியைத் துடைத்தேன். நான் வேலைக்குப் போகிற இத்தாலியச் சிஞ்ஞோரா வீட்டில் செய்கிற பழக்கத்தில் எல்லாவற்றையும் உயரப்படி அடுக்கிவிட்டேன். முடிந்த பிறகுதான் நினைவு வந்தது, அவள் எழுதின காலப்படி வைத்திருந்தாள்.

அவள் படித்த ஸ்பானிய இலக்கியத்தை நான் என்னத்தைக் கண்டேன். நான் வெங்காயம் உரிக்க, அவள் பக்கத்தில் நின்று பரீட்சைக்குச் சொல்லிப் பார்ப்பாள்.

"முதல் சண்டைப் பாட்டுகள் அம்மா. பிறகு பொற்காலம். அதின்ரை கடைசியிலை சோடினை கூடிப்போகும், அதுதான் பரோக். பிறகு ரொமான்டிக், எல்லாரும் அழுவினம். அழுது களைச்சாப் பிறகு, உள்ளதை உள்ளபடி சொல்லுற ஆக்கள்."

"எனக்கு அந்த ஆக்கள்தான் சரி" என்பேன்.

பழைய வரிசைக்குக் கொண்டுவர இரண்டு கிழமையாக அலுமாரியோடு மல்லுக்கட்டுகிறேன். "எப்பிடி வைச்சால் என்ன" என்கிறார் அப்பா. அவரிலும் கோபம், என்னிலும் கோபம். மிலானுக்குப் போன் எடுத்தால் "வேலை அம்மா" என்று வைத்துவிடுகிறாய். உன்னிலும் கோபம்தான்.

நேற்றுத்தான் ஒன்று கண்டேன். யன்னல் பக்கம் இருந்த புத்தகங்களின் முதுகு வெயிலில் வெளிறியிருக்கிறது. கூட வெளிறினதிலிருந்து வரிசையாக வைத்தேன். அட்டையில் வாளோடு நிற்பவர்கள் யன்னலோரம் வந்துவிட்டார்கள். அழுகிறவர்கள் வரைக்கும் சரி.

அதற்கு அடுத்த தடித்த புத்தகத்தை, அடக்கத்தன்று நீ உன் பையில் வைத்ததைப் பார்த்தேன். அதன் இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டுவந்து வை.

அம்மா