அரை நொடி

சிதம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மச்சான் நவ்ஷாத்துக்கு,

செந்தமிழ்செல்வன் எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே அனைவரும் நலம் என்று வழக்கம்போல எழுதக் கை வரவில்லை.

நீ என் எண்ணைத் தடுத்து வைத்து எட்டு மாதமாகிறது. தப்பு உன்மேல் இல்லை. உன் மாமா அப்துல் ஹக் வெள்ளிக்கிழமை சிங்கப்பூர் வருகிறாராம். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

போன மாதம், நீ அக்கா என்று கூப்பிடும் என் மனைவி சந்திரலேகாவின் போன், துணி ஊற வைத்த வாளிக்குள் விழுந்துவிட்டது. பக்கவாதம் வந்த பிறகு ஒரு கைதானே அவளுக்கு. நான் வந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைக்காரர் போர்டே போய்விட்டது என்று கைவிரித்தார். போன் தொலையட்டும், அவள் பேசிப் பழக, குரல் கொடுத்தால் படகு நகர்கிற மாதிரி நாம் செய்த விளையாட்டு அதில்தான் இருந்தது.

வேறு பிரதி இல்லையா என்று நீ கேட்பாய். நாம் எப்போதும் கேபிள் போட்டு நேராக அவள் போனில்தானே ஏற்றினோம்? ஒரு நாளாவது தனியே எடுத்து வைத்தோமா? என் கணினியில் படகும் ஆறும் இருக்கின்றன. மைக்கில் அவள் குரலைப் பிடித்துக் கேம் எஞ்சினுக்குக் கொடுக்க நீ சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய பிளகின் நிரல் மட்டும் இல்லை. அதை அழித்தவன் நான்தான்.

வேலை கிடைத்துவிட்டது, போகிறேன் என்று நீ சொன்ன அன்று, நீ எழுதியது வெறும் ஒட்டு வேலை என்று கத்தினேனே. நீ படியிறங்கியதும், நாம் வேலை செய்த அந்த மஞ்சக்குப்பம் அறையில் உட்கார்ந்து, உன் பெயரிலிருந்த ஃபோல்டரை மொத்தமாக அழித்தேன். ஆன்லைனில் வைத்திருந்ததையும் விடவில்லை. அவள் போனில்தான் ஓடுகிறதே என்ற திமிர். கோபம் வந்தால் எனக்குக் கைதான் வேலை செய்யும், மூளை செய்யாது. உனக்குத் தெரியாததா?

சென்ற வாரம் கடலூருக்குப் போய் உன் பழைய லேப்டாப்பைக் கேட்டேன். "அது மழத்தண்ணியில ஊறிப்போயி எடைக்குப் போட்டாச்சிப்பா" என்றார் உன் அம்மா. என்னைத் திட்டவில்லை. டீ கொடுத்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்கு முன்பே நானே எழுதிப் பார்த்தேன். மூன்று வாரம். விளையாட்டைத் திறந்தால் அதுவாகவே மூடிக்கொள்கிறது. கடைசியில் எஞ்சினே தரும் மைக் வழியில் ஓட்டினேன். குரல் அரை நொடி தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது. அவள் சிரமப்பட்டு "ஆ" என்கிறாள். படகு நிற்கிறது. தான் சொன்னது சரியில்லை என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறாள். அதன் பிறகு படகு நகர்கிறது. மூன்றாம் நாள் போனைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"அக்காவுக்கு அந்த அர நொடி ஜாஸ்தி மச்சான்" என்று நீ அன்றைக்கே சொன்னாய். எவனுக்கும் தெரியாத அரை நொடிக்காக இரண்டு மாதம் வீணடிக்கிறாய் என்று நான் சிரித்தேன்.

இன்னொன்றையும் உன்னிடம் மறைத்துவிட்டேன். விளையாட்டில் நாம் வைத்த எட்டுச் சொற்களில் ஒன்று மட்டும் அவளுக்கு முழுதாக வந்தது. "தம்பி". நாம் சண்டை போட்டதற்கு நான்கு நாள் முன்பு. ஏழு வருடம் கூடவே குடித்தனம் நடத்தியவன் பெயர் வரவில்லை, உன்னைக் கூப்பிடுகிற சொல் வந்தது. வயிறு எரிந்தது, நவ்ஷாத். அதனால்தான் உன்னிடம் சொல்லவில்லை. அதனால்தான் அன்று அப்படிக் கத்தினேன். பிறகு அவள் எல்லோரையும் தம்பி என்றாள், என்னையும், பால்காரர் சுப்பிரமணியனையும். இப்போது பன்னிரண்டு நாளாக அதுவும் இல்லை.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மாவும், இனிப் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். கீரப்பாளையம் பள்ளிக்கூடத்தில் மைக் இல்லாமல் முந்நூறு பிள்ளைகளை அதட்டியவள், இப்போது ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

உன் பழைய மெயிலில் எங்காவது அந்த நிரல் கிடக்கிறதா என்று பார். கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. திரும்ப எழுதித் தா என்று கேட்க எனக்கு வாயில்லை. என்னை மன்னிக்கவும் வேண்டாம்.

ஒரே ஒரு முறை போன் செய். என் எண் வேண்டாமென்றால் அவளுடைய பழைய எண்ணுக்கே செய், அந்த சிம்மைப் புதுப் போனில் போட்டிருக்கிறேன். ஸ்பீக்கரில் வைத்துவிட்டு நான் வெளியே போய்விடுகிறேன். அக்கா என்று கூப்பிடு. உடனே பதில் வராது. அரை நொடி இல்லை, எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது, வராமலேகூடப் போகலாம். லைன் செத்துவிட்டது என்று நினைத்து மட்டும் வைத்துவிடாதே, மச்சான்.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு.

இப்படிக்கு,
செந்தமிழ்செல்வன்