இடுப்பு உயரத்து வண்டி

1974 அக்டோபர் 20, ஞாயிறு

பட்டறைக்கு லீவு. இருந்தும் போய், சுவரில் சாக்பீஸால் அந்த வண்டியை முழு அளவில் வரைந்தேன். பாலக்காட்டுப் பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த இத்தாலிப் புத்தகத்தில் பார்த்தது. எழுத்து படிக்கத் தெரியவில்லை, படம் போதும். மரம் பிளக்கிற ஆப்பை நான்கு சக்கரத்தின்மேல் வைத்த மாதிரி ஒரு கார். முன்பக்கம் மெலிந்து தரையோடு கிடக்கிறது. அங்கிருந்து கண்ணாடி வழியாக ஒரே கோடாக ஏறிப் பின்னால் வெட்டி நிற்கிறது. பம்பர் கிடையாது. கதவு பக்கவாட்டில் அல்ல, மேலே தூக்கித் திறக்கிறது. இருபது முப்பது வருஷம் கழித்து எல்லாக் காரும் இப்படித்தான் இருக்கும், எழுதி வைத்துக்கொள்.

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் வரைக்கும் ஓடுகிற லாரிகளில் பாதிக்குப் பாடி கட்டியது நான். எல்லாம் பெட்டி. பெட்டி கட்டிக் கட்டியே சாக வேண்டுமா?

மருதாத்தாள் சோறு கொண்டு வந்தவள் சுவரைப் பார்த்தாள். "ஏனுங்க, இது செருப்பாட்ட இருக்குதுங்களே?" போன வருஷம் நான் முட்டை வடிவத்தில் கட்டின கோழிக்கூட்டையும் இப்படித்தான் கேலி செய்தாள். கோழிகள் அதற்குள் போகவில்லை என்பது வேறு விஷயம்.

நவம்பர் 3

குப்பண்ணன் பட்டறைக்கு வந்தார். எண்ணெய் மில் வைத்திருப்பவர். அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் சாராயக்கடைகளை மூடியதிலிருந்து அவருக்குச் சுக்கிர திசை. சாராயத்தை இங்கே வாங்கி அங்கே விற்கிறார் என்று ஊர் நாய்க்குக்கூடத் தெரியும். சுவரை வெகு நேரம் பார்த்தார். சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிசாக இருந்தது.

"உசரம் எவ்வளவு வரும், சென்னியப்பா?"

"என்ற இடுப்புக்கு வருமுங்கண்ணா. அதுக்கு மேல ஒரு விரக்கடை போகாதுங்க."

"கட்டு. மில்லுல பழைய பியட் ஒண்ணு நிக்குது, இழுத்துக்க. ஆறுச்சாமி ஓட்டட்டும்."

ஆறுச்சாமி என் மச்சினன், மருதாத்தாளின் ஒரே தம்பி, அவரிடம் லாரி ஓட்டுகிறவன். வேகம் என்ன, நிறம் என்ன என்று கேட்காமல் உயரத்தைக் கேட்டாரே மனுஷன்! வடிவம் புரிந்தவர் என்று ராத்திரி முழுக்கச் சந்தோஷம்.

டிசம்பர் 1

வண்டியின் மூக்குத் தகரம் நான்காவது தடவையும் நெளிந்தது. ஆத்திரத்தில் சுத்தியலால் அடித்தே அதைச் சல்லடையாக்கினேன். கை கிழிந்து ரத்தம். ஆறுச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே, "மச்சான், தகரம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான். அவனையும் ஒரு அடி அடித்திருப்பேன். அவன் சிரிப்பைப் பார்த்தால் யாராலும் அடிக்க முடியாது.

டிசம்பர் 22

மூக்கு நேராக வந்துவிட்டது. கை வைத்துத் தடவினால் எங்கும் தட்டாமல் கூரை வரைக்கும் போகிறது. என்னடா இது, நானா செய்தேன்!

தளத்துக்கு அடியில் அகலமாக ஒரு தகரப் பெட்டி வேண்டுமென்று குப்பண்ணன் ஆள் அனுப்பினார். பற்றவைத்துக் கொடுத்தேன். எதற்கென்று கேட்கவில்லை. கேட்பானேன்?

1975 ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். மாட்டோடு மாடாக வண்டிக்கும் மஞ்சள் பூசி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து எடுத்தோம். ஆறுச்சாமி படுத்த மாதிரிதான் உள்ளே உட்கார முடிகிறது. தெருவே வாயைப் பிளந்தது. மருதாத்தாள்கூட "கெரகம், அழகாத்தானுங்க இருக்குது" என்றாள்.

மில் களத்தில் குப்பண்ணன் இரண்டு ஆட்களை மார்பு உயரத்துக்கு ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். வண்டி வந்த வேகத்திலேயே மூங்கிலுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. எல்லைச் செக்போஸ்டில் ரோட்டுக்குக் குறுக்கே இருக்கிற கழியும் அதே உயரம்தான்.

ஜனவரி 27

நட்டநடு மத்தியானம், காவலர்கள் சாப்பிட உட்காருகிற நேரத்தில், ஆறுச்சாமி கழிக்கு அடியில் போய்விட்டான். டீக்கடையில் இதே பேச்சு. "பாம்பாட்டம் போச்சுங்க" என்கிறான் ஒருவன். "சத்தம் வந்துச்சு, வண்டியக் காணோம்" என்கிறான் இன்னொருவன். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு டீ குடித்தேன், கட்டினவன் நான்தான் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தேன்.

பிப்ரவரி 13

எப்படி எழுதுவது. எழுதித்தான் ஆக வேண்டும்.

காவலர் இன்னாசிராஜ் இன்று தட்டை வைத்துவிட்டு எழுந்து, தடியோடு ரோட்டின் நடுவில் நின்றுவிட்டார். ஆறுச்சாமி பிரேக் போடவில்லை. போட்டேன் என்கிறான். போடவில்லை. வேறு கார் என்றால் பம்பர் தள்ளியிருக்கும், பக்கத்தில் விழுந்திருப்பார். என் வண்டியின் மூக்கு அவரைக் கணுக்காலில் வாரி எடுத்தது. மனுஷன் சரிவில் ஏறி, கண்ணாடியில் முகம் அடித்து, கூரை வழியாக உருண்டு பின்னால் தலைகீழாக விழுந்தார். இரண்டு காலும் போச்சு. ஒன்றை எடுத்துவிடுவார்கள் என்கிறார்கள்.

வண்டியைப் பட்டறைக்குத்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். கண்ணாடி விரிசலில் முடியும் தோலும் சிக்கியிருந்தது. ஒரு பல் இருந்தது. நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கழுவும்போது என் கை தானாக மூக்கைத் தடவிப் பார்த்தது. ஒரு நெளிவு இல்லை. முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? பரவாயில்லையே, தாங்கிவிட்டதே என்று. சீ.



பிப்ரவரி 14

ஆறுச்சாமியை அடித்தேன். கன்னத்தில், காதில், கீழே தள்ளி இடுப்பில் மிதித்தேன். திருப்பி அடிக்கவில்லை. எழுந்து உதட்டைத் துடைத்துக்கொண்டு, "நீங்க கட்டுனீங்க மச்சான், நான் ஓட்டுனேன். ஆளுக்குப் பாதிதானுங்க?" என்றான்.

இனிமேல் ஓட்டாதே என்று கையைப் பிடித்துக் கேட்டேன். விட்டால் குப்பண்ணன் ஆளை வைத்துக் கொன்று போட்டுவிடுவார் என்கிறான். அது பொய்யில்லை. ஆனால் ஓட்டும்போது அவன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பயத்தில் ஓட்டுகிறவன் முகமில்லை அது.

பிப்ரவரி 17

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

வண்டியைத் திருப்பிக் கொடுங்கள், உடைத்துப் போட்டுவிடுகிறேன் என்று குப்பண்ணனிடம் போய்ச் சொன்னேன். உட்காரச் சொன்னார். மோர் கொடுக்கச் சொன்னார். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, வலது கையை மேசையில் வைக்கச் சொல்லி இரண்டு பேரைப் பிடிக்க வைத்து, டயர் கழற்றுகிற கம்பியால் அவரே அடித்தார். மூன்று விரல். "அடுத்தது உன்ற ஊட்டுக்காரிக்கு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

மிஷினில் கை சிக்கிவிட்டது என்று மருதாத்தாளிடம் சொல்லியிருக்கிறேன். சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறாள்.

மார்ச் 3

செக்போஸ்ட் ஏட்டு பட்டறைக்கு வந்தார். வண்டி கட்டினது யார் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. குப்பண்ணன் காசு மேலிடம் வரைக்கும் போகிறது, வண்டியைச் சரக்கோடு பிடித்தால்தான் வழக்கு நிற்கும் என்றார். இரும்பில் கழி வேண்டும், முழங்கால் உயரத்துக்கு, யானை வந்து மோதினாலும் நிற்க வேண்டும் என்றார். "அடுத்த தடவை அவன் தலை இந்தப் பக்கம், உடம்பு அந்தப் பக்கம்" என்றார். இன்னாசிராஜ் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவராம். இரண்டு நாளில் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

மார்ச் 4

யோசித்து யோசித்துத் தலை வெடிக்கிறது.

கழியை எவ்வளவு கீழே இறக்கினாலும் மூக்கு அதற்கும் கீழே. கழி மூக்கின்மேல் ஏறும். சரிவில் வழுக்கிக் கண்ணாடியை உடைக்கும். நேரே ஓட்டுகிறவன் கழுத்துக்கு வரும். இன்னாசிராஜ் ஏறின அதே வழி. நான் போட்ட கோடு அப்படி. எதைக் கொண்டு தடுத்தாலும் அது ஆறுச்சாமி முகத்துக்குத்தான் போகும். இவ்வளவு நாள் இதை அழகு என்று நினைத்திருக்கிறேன்.

ஏட்டு வேறு பட்டறையில் செய்துகொள்வார். கழி வரத்தான் போகிறது. ஆறுச்சாமி போகத்தான் போகிறான்.

பிறகு — வயிறு! தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண் கிடையாது. ரோட்டுக்குக் குறுக்கே கருங்கல்லைப் புதைத்து ஒரு மேடு போட்டால்? மாட்டு வண்டி ஏறி இறங்கிவிடும். லாரி ஏறி இறங்கிவிடும். என் வண்டி மட்டும் வயிறு தட்டி ஆமை மாதிரி உட்கார்ந்துவிடும். பிடிப்பார்கள். அடிப்பார்கள். ஜெயிலில் போடுவார்கள். போடட்டும், உயிரோடு போவான். அங்கே குப்பண்ணன் கை எட்டாது.

மார்ச் 5

ஏட்டிடம் சொல்லிவிட்டேன். உயரத்தை என் இடது கையால் சாண் வைத்துக் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சரி என்றார். வண்டி வருகிற நாள் தெரிந்தால் அன்று காலையில் கல் இறக்குவாராம், சேதி பரவாமல் இருக்க. நாளும் நான்தான் சொன்னேன், ஆறுச்சாமி பேச்சுவாக்கில் உளறினது. ஆறுச்சாமியிடம் சொல்லவில்லை. மருதாத்தாளிடமும் சொல்லவில்லை.

மனம் லேசாக இருக்கிறது. ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 12

பெட்டி. பெட்டியை மறந்துவிட்டேன்.

டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். வந்தான். கழிக்கு அடியில் நுழைந்தான், மேட்டில் வயிறு தட்டியது, நான் நினைத்த மாதிரியே. நான் எழுந்து நின்றேன். அடியில் தகரம் கிழிகிற சத்தம். கருங்கல்லில் பொறி. அவ்வளவுதான். பெட்டி முழுக்க ஸ்பிரிட். பகல் வெயிலில் நெருப்பே சரியாகத் தெரியவில்லை, வண்டிக்குமேல் காற்று மட்டும் நடுங்கியது. அப்புறம் பெயின்ட் கொப்புளித்தது.

சட்டம் முறுக்கிக்கொண்டதில் கதவு மேலே தூக்கவில்லை. உள்ளிருந்து உதைத்தான். கண்ணாடியில் அவன் உள்ளங்கால் தெரிந்தது. நான் ஓடி மூக்கின்மேல் ஏறினேன், வழுக்கி விழுந்தேன், மறுபடி ஏறினேன். பிடிக்க ஒரு இடம் வைக்கவில்லையே நான், ஒரு விளிம்பு, ஒரு கைப்பிடி, எதுவும் இல்லையே! ஏட்டுதான் தடியால் கண்ணாடியை உடைத்தார். அவனைக் கொல்கிறேன் என்று சொன்ன அதே ஏட்டு, மீசை பொசுங்க உள்ளே கையை விட்டார். இழுத்தபோது தோல்தான் கையோடு வந்தது.

"மச்சா" என்று கூப்பிட்டான். இரண்டு தடவை. மூன்றாவதற்கு வாயில்லை.

படத்தில் பெட்டி இல்லை. மேடு போடச் சொல்லும்போது என் மனசில் இருந்தது சுவரில் வரைந்த வண்டி. நான் கட்டின வண்டி இல்லை.

மார்ச் 13

எரிக்க அதிகம் இல்லை.

மார்ச் 14

தன் வினை தன்னைச் சுடும் என்று ஊர் சொல்கிறது. சுட்டது அவனை. வினை யாருடையது?

குப்பண்ணன் மாலையோடு வந்தார். சுற்றிக் கூட்டம் இருந்தது, மருதாத்தாள் பக்கத்தில் இருந்தாள், நான் ஒன்றும் செய்யவில்லை. அவர் போனதும் அவள் எழுந்து, தலைமுடி அவிழ, செக்போஸ்ட் இருக்கிற திசையைப் பார்த்து நின்றாள். மூன்று பிடி மண் வாரித் தூற்றினாள். "என்ற தம்பிக்கு மேடு போடச் சொன்னவன் குடி மண்ணாப் போக! அவன் ஊட்டுல வெளக்கெரியாமப் போக! அவன் பொண்டாட்டி தாலியறுத்து ரோட்டுல நிக்க!"

பெண்கள் சேர்ந்து அழுதார்கள். நான் அவள் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். என் நெஞ்சில் சாய்ந்துதான் அழுதாள்.

ஏப்ரல் 2

குப்பண்ணனைப் போலீஸ் கொண்டுபோனது. ஏட்டிடம் கையொப்பம் போட்டுச் சாட்சி சொன்னேன். பெட்டி பற்றவைத்ததையும் சேர்த்து. என்னையும் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும்.

ஏப்ரல் 6

இன்று மருதாத்தாளிடம் சொன்னேன். விளக்கு வைக்கிற நேரம். விரல் எப்படி உடைந்தது, மேடு போடச் சொன்னது யார், எதற்காக, எல்லாவற்றையும். காப்பாற்றத்தான் சொன்னேன் என்பதை மூன்று தடவை சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள். குனிந்து மூன்று பிடி மண் எடுத்து, வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்று, எங்கள் நிலைப்படியில் தூற்றினாள். இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, எனக்குச் சோறு போட்டாள்.