முறுக்குக் கம்பி

ஞாயிறு, இரவு.

மூக்கண்டப்பள்ளி மாப்பிள்ளை ஊர்வலத்தில் மச்சினனின் குதிரை மேளத்துக்கு மிரளாமல் நின்றதாம். எல்லோரும் மெச்சினார்களாம். குதிரை வீடு திரும்பியதும் கடிவாளத்தைக் கழற்றினேன். வாய்க்குள் போகும் கம்பியை முறுக்கி வெல்டிங் வைத்திருக்கிறான். பிசிறைக்கூடத் தேய்க்கவில்லை. நாக்கு கிழிந்து, நுரையெல்லாம் ரத்தம்.

"இழுத்தா நிக்குதில்ல மாமா, வேற என்னா வேணும்?" என்றான்.

கம்பெனியில் இவன்தான் இன்ஸ்பெக்‌ஷன். விரலில் பிசிறு தட்டினால் அந்தப் பீஸைத் தூக்கிப் போட்டுவிடுவான். சீ!

பெங்களூரில் நான் வாங்கிவந்திருந்த வழவழப்பான தடித்த கடிவாளக் கம்பியை, அளவு பார்க்கக் குதிரையின் உதட்டோரம் வைத்தேன். அது தலையை வெடுக்கென்று திருப்பிப் பல்லை இறுகக் கடித்துக்கொண்டது.

மச்சினன் சிரித்தான். "பாத்தீங்களா மாமா, அதுக்கே உங்க கம்பி புடிக்கல."