சிலேட்டு பிடித்த கை

ஒரகடம்,
8.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை கலைமதி எழுதுவது. நானும் அவரும் நலம். ஒரு வாரமாக உனக்குப் போன் அடிக்கிறேன், எடுக்கவே மாட்டேன் என்கிறாய். ஓசூர் சைட்டில் அவ்வளவு வேலையா? அதனால்தான் கடிதம்.

நீ சூப்பர்வைசராக நின்று எங்கள் தெருவில் போட்ட பாதாளச் சாக்கடை, மழைக்குப் பிறகு குளியலறையில் பொங்குகிறது. எதிர்வீட்டு அம்சவல்லி அக்கா கம்பெனிப் பெண்களுக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கிறாரே, அவர்கள் கழிப்பறையில் போடும் துணிதான் அடைப்பு என்று தெருவே பேசுகிறது. குழாய் மண்ணுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும் என்றார் அக்கா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க அண்ணன் போட்ட லைனு உக்காராது. உங்க வூட்டுப் பொண்ணுங்கள மொதல்ல காலி பண்ணச் சொல்லுங்க” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். நாளை மறுநாள் அவர்கள் போகிறார்கள்.

ஒரு நடை வந்து பார்.

அன்புத் தங்கை,
கலைமதி

ஓசூர்,
12.11.2024

பிரியமுள்ள கலைமதிக்கு,

வேலை ஒன்றும் இல்லை. உன் குரலைக் கேட்க வெட்கமாக இருந்தது, அதுதான் எடுக்கவில்லை.

குழாய் உட்கார்ந்துதான் விட்டது. உங்கள் தெருவுக்குக் கீழே ஏரிக் களிமண். அதை இரண்டடி அள்ளிவிட்டு, ஜல்லி கொட்டி, இடித்துக் கெட்டியாக்கிய பிறகே குழாயை இறக்க வேண்டும். முதல் மேன்ஹோல்வரை அப்படித்தான் செய்தேன். அப்புறம் மழை. பள்ளம் சரிந்துகொண்டே இருந்தது, முடிக்கவேண்டிய தேதியும் வந்துவிட்டது. மீதித் தெருவுக்குக் களிமண்மேலேயே மணலைத் தூவி, குழாயை இறக்கி மூடிவிட்டேன்.

ஒவ்வொரு இடத்திலும் அதன் எண்ணைச் சிலேட்டில் எழுதி, பள்ளத்து ஜல்லியோடு படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். நீ டீ கொண்டுவந்த அன்று சிலேட்டைப் பிடிக்கச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாப் படத்துக்கும் ஜல்லி போட்ட அந்த ஒரே பள்ளம்தான். எண்ணை மட்டும் அழித்து அழித்து எழுதினேன். நீ சிரித்துக்கொண்டே பிடித்தாய்.

அக்காவிடம் நீயே சொல்லிவிடு. எந்த முகத்தோடு வருவேன்?

ஜீவானந்தம்

ஒரகடம்,
16.11.2024

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அம்சவல்லி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் அவரே வாங்கிப் படித்து முடித்தார். “பொண்ணுங்க போயிட்டாங்களே கலை, இப்ப இன்னா பண்றது?” என்று மட்டும் கேட்டார். கூனிக் குறுகிப்போனேன். எல்லாப் படத்திலும் என் கைதானே இருக்கிறது.

அந்தச் சிலேட்டு என்னிடம்தான் இருக்கிறது. 24ஆம் தேதி ஞாயிறு காலை இரண்டாவது மேன்ஹோல் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீ வந்து தெருவார் எல்லார் முன்னாலும் சொல். வராவிட்டால் நானே சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு உனக்குப் போன் செய்யமாட்டேன்.

இந்த முறை எண்ணை நானே எழுதுகிறேன்.

கலைமதி